வெயிலுக்கு வராத திரை

என் அக்காள் வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்காது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அவருக்கும் என்னைப் பிடிக்காது என்பது செஞ்சிக் கடைத்தெரு முழுக்கத் தெரியும். மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்கள் அனுப்பிய கார் பழசு என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் ஓயவில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன விமானம் வாங்கினோம் என்றால் யாராவது நம்புவார்களா? வாங்கினோம். இரண்டே பேர் உட்காரக்கூடியது. பணம் அவருடையது, கை என்னுடையது.

நான் விமான மெக்கானிக். வடக்கே பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, ஓட்டவும் கற்றுக்கொண்டு, இப்போது செஞ்சிக்குத் தெற்கே ஒரு தனியார் ரன்வேயில் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். மாமாவுக்குச் செஞ்சியில் ஜவுளிக்கடை. அவருடைய அப்பா காலத்துக் கடை. மனிதர் பாட்டுக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று, "மச்சானே ஓட்டுறான், நான் ஓட்டக்கூடாதா?" என்று வந்து நின்றார். வயிற்றெரிச்சலிலேயே லைசென்ஸ் வாங்கிய ஒரே ஆள் இந்த உலகத்தில் அவராகத்தான் இருக்கும். நன்றாகத்தான் ஓட்டினார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

சண்டை எங்கள் இரண்டு பேரோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். போன கார்த்திகையில் அவர் அக்காளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "தை பொறந்ததும் உன்னப் பக்கத்துல குந்த வெச்சி, நானே ஓட்டிக்கினு போயி, நம்ம ஊர மேலருந்து காட்டுறேன்." இரண்டு இருக்கை விமானத்தில் மூன்றாம் ஆளுக்கு இடம் கிடையாது. ஆக நான் கூடப் போக முடியாது. இடது இருக்கையில் மாமா, வலது இருக்கையில் என் அக்கா. எனக்கு இருப்பது ஒரே அக்கா.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் விமானத்தின் ஜிபிஎஸ் செத்துப்போயிற்று. பழைய சாமான், திரையில் கோடு கோடாக விழுந்து ஒருநாள் மொத்தமாக இருண்டுவிட்டது. செஞ்சிக்குப் போக அரைமணி நேரம் கூட ஆகாது, இதற்கு எதற்கு ஜிபிஎஸ் என்று கேட்பவர்கள் தை மாதக் காலையில் ஒருமுறை மேலே வந்து பார்க்க வேண்டும். பனியும் புகையும் கலந்து கீழே எல்லாம் பால் மாதிரி கிடக்கும். ரோடு தெரியாது, ஏரி தெரியாது. நம் ஊர்க் கோட்டை மலை மூன்றும் கிட்டப் போகிற வரைக்கும் கண்ணில் படாது. திடீரென்று பாறையாக எதிரில் நிற்கும். வழி தப்பிக் கிழக்கே போய்விட்டாலோ கடலோர அணு உலையைச் சுற்றி விமானம் பறக்கவே கூடாத வட்டம் இருக்கிறது. மேலே போனவனுக்கு உயரம், திசை, ஊர் எவ்வளவு தூரம் என்ற மூன்றும் கண் முன்னால் தெரிய வேண்டும். ஒன்றைத் தப்பாகப் படித்தால் போகப்போவது என் அக்கா. அதனால்தான் அந்தத் திரை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு விஷயமாக இருந்திருந்தால், போய்த் தொலையட்டும் என்று இருந்திருப்பேன்.

மாமா என்னைக் கேட்காமலேயே சென்னைக்குப் போய் ஒன்று வாங்கி வந்துவிட்டார். கடைக்கு வா என்று ஆள் அனுப்பினார். போனேன். துணி அளக்கிற மேஜை மேல், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே, அதைச் சாமி படம் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். பெரிய திரை. டேப்லெட் மாதிரி பளபளவென்று கண்ணாடி. அதில் நம் ஊர் மலை, கோட்டை, ஏரி எல்லாம் கலர் கலராகத் தெரிந்தது. அனந்தபுரத்திலிருந்து முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பம் ஒன்று புடவையை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது.

"இன்னா மச்சான், எப்படி?" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் திரையைத் தொட்டுப் பார்த்தேன். கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே மேலே இருந்தது. உள்ளே காற்றுக் கொப்புளம் வேறு. எங்கள் மாமா வீட்டில் எதையும் பிரிக்க மாட்டார்கள். டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, காரின் சீட்டுக்குக் கம்பெனி பிளாஸ்டிக், கல்லாவில் இருக்கும் கால்குலேட்டருக்கு வாங்கிய நாளிலிருந்து அதே தாள். பிரித்தால் பழசாகிவிடுமாம்.

"வெளிய எடுத்துக்கினு வாங்க மாமா. தெருவுல வெச்சிப் பாக்கலாம்" என்றேன்.

"இங்கயே நல்லாத்தானே தெரியுது."

"நீங்க விமானத்த கடைக்குள்ளயா ஓட்டப் போறீங்க? வெயில்ல வெச்சிப் படிச்சிக் காட்டுங்க."

"அதெல்லாம் வாணாம். இங்கயே பாரு."

அந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏனென்றால் செஞ்சியில் வெயிலில் பார்க்காமல் எதையும் வாங்காத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். அவர் கடையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே புடவை எடுக்க விட மாட்டார். "லைட்டு பொய் சொல்லும்மா, வெயிலு சொல்லாது" என்பார். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, முந்தானையை வெயிலுக்கு விரித்து, இது அரக்கு, இது மாதுளை, இது மயில் கழுத்து என்று கலரைப் பிரித்துச் சொல்வார். மேல்சித்தாமூரிலிருந்து வருகிறவர்கள் கூட நாலு கடையைத் தாண்டி இவர் கண்ணை நம்பித்தான் இங்கே வருவார்கள். அவர் ஒரு கலரைச் சொல்லிவிட்டால் கடைத்தெருவில் மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவர் ஒரு திரையைத் தெருவுக்கு எடுத்து வர மாட்டேன் என்கிறார். நான் என்ன நினைத்தேன்? வெயிலில் போட்டால் வண்டவாளம் வெளியே வந்துவிடும், அதான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

விடவில்லை. அத்தனை பேர் எதிரிலும் ஆரம்பித்தேன். பளபளக்கிற கண்ணாடி மேலே போனால் முகம் பார்க்கத்தான் உதவும், எழுத்து தெரியாது என்றேன். கறுப்புக் கண்ணாடி போட்டால் சில திரை மொத்தமாக இருண்டே போகும், இதைச் சோதித்தீர்களா என்றேன். சித்திரை வெயிலில் இந்த மாதிரிப் பெரிய டேப்லெட் எல்லாம் சூடேறித் தானாக அணைந்துவிடும், ரன்வேயில் நானே பார்த்திருக்கிறேன் என்றேன். விமானம் குலுங்குகிறபோது விரல் வைத்த இடத்தில் நிற்காது, தொடுகிற திரை ஆகாது, திருகு வேண்டும், பொத்தான் வேண்டும் என்றேன்.

"உனக்கு நான் எது வாங்கினாலும் ஆகாதுடா. இது பொறாம" என்றார் மாமா.

"மேல போயி தெரியலன்னா இன்னா பண்ணுவீங்க? கண்ணு கெட்ட அப்புறம் சூரிய நமஸ்காரமா?"

வழக்கமாக இப்படி ஒரு வார்த்தை சொன்னால் அவர் பத்து வார்த்தை திருப்பித் தருவார். அன்றைக்கு மேஜை மேல் கிடந்த புடவையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா உள்ளேயிருந்து வேகமாக வந்து, "போதும் நிறுத்துடா. வாயா அது?" என்று என்னை அதட்டிவிட்டு, புடவை எடுக்க வந்தவர்களைத் தெருவுக்கு அழைத்துப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

நான் தேர்ந்தெடுத்தது வேறு. கைக்கு அடக்கமான பெட்டி. கண்ணாடியில் பளபளப்பே இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். நிழலில் பார்த்தால் அழுது வடியும். வெயில் விழுந்தால்தான் அதற்கு உயிர் வரும். பழைய டிஜிட்டல் கைக்கடிகாரம் மாதிரி, வெயில் ஏற ஏற எழுத்துக் கருத்துத் தெரியும். பக்கத்தில் பெரிய திருகு. விமானத்தின் கரண்டு போனாலும் அதற்கென்று தனி பேட்டரி. கலர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இதைக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். கையில் வாங்கி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளி வைத்து, திரும்பக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாடா இது, மளிகக் கடை கால்குலேட்டரு. எழுத்து எறும்பு மாதிரி இருக்குது."

"எழுத்த பெருசு பண்ணிக்கலாம் மாமா."

"வாணாம். அந்தப் பெரிசத்தான் மாட்டணும். நடுவுல மாட்டு. இல்ல, கொஞ்சம் வலது பக்கமாவே மாட்டு."

"ஓட்டுறவரு இடது பக்கம் இருக்குறீங்க. வலது பக்கம் மாட்டி யாரு பாக்குறது?"

"சொன்னா செய்யி. விமானம் என்னுது."

"சாவி என்னுது" என்றேன். அதுவும் உண்மைதான். மெக்கானிக் என்ற முறையில் அந்த விமானத்தில் ஒரு திருகாணி கூட என் கையெழுத்து இல்லாமல் ஏறாது. சாவி என் இடுப்பில்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில்தான் அவர் என்னிடம் தோற்பார். அதனாலேயே அந்தச் சாவியை நான் ரொம்ப ஆசையாக வைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் அவரோடு சில தடவை பறந்தேன். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது வேறு ஒரு எரிச்சல். மேலே போனதும் வாத்தியார் மாதிரி என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். "எவ்ளோ ஒசரத்துல இருக்கோம், சொல்லு பாக்கலாம்." "வேகம் எவ்ளோ காட்டுது?" அவர் எதிரிலேயே முள் இருக்கிறது, எண் இருக்கிறது. நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன், எனக்கே பரீட்சையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன். சாயங்காலம் மேற்கே பார்த்து இறங்கச் சொன்னால் மாட்டார். "காலையில பறக்கலாம், காலையிலதான் காத்து நல்லா இருக்கும்" என்பார். சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டேன். கடையிலும் இப்போதெல்லாம் அவர் தெருவில் இறங்குவதில்லை. அக்காதான் புடவையை எடுத்துக்கொண்டு போகிறாள், அங்கிருந்தே "ஏங்க, இது மாம்பழ மஞ்சள்தானே?" என்று குரல் கொடுக்கிறாள், இவர் கல்லாவிலிருந்து தலையாட்டுகிறார். முதலாளிக்கு உடம்பு வளைய மாட்டேன் என்கிறது என்று அதற்கும் ஒரு நக்கல் வைத்திருந்தேன்.

மார்கழி முடிகிற சமயம். அவர் கேட்டபடி அந்தப் பெரிய திரையை நடுவில் தற்காலிகமாக மாட்டினேன், பக்கத்திலேயே என்னுடைய சின்னப் பெட்டியையும் மாட்டினேன். உச்சி வெயிலுக்கு விமானத்தைத் தகரக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி நிறுத்திவிட்டு மாமாவுக்குப் போன் பண்ணினேன். "ரெண்டும் மாட்டியாச்சி. வந்து குந்தி, எது தெரியுதோ படிச்சிக் காட்டுங்க. எது நல்லா தெரியுதோ அதையே வெச்சிக்கலாம்." நியாயமான பேச்சுத்தானே? ஆனால் என் மனசில் நியாயம் இல்லை. அந்த ஆளைத் தோற்கடிக்க வேண்டும், அதுதான் இருந்தது.

காரில் வந்து இறங்கினார். அக்காவும் கூட வந்திருந்தாள், கையில் எலுமிச்சை சாதம் கட்டிய டப்பா. நாங்கள் சண்டை போடுகிற இடத்துக்கெல்லாம் அவள் சோறு கட்டிக்கொண்டு வருவாள்.

மாமா இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் அவர் பக்கக் கதவில் நின்றேன். அக்கா அந்தப் பக்கம் போய் வலது கதவைத் திறந்துகொண்டு நின்றாள். வெயில் மேலிருந்து நேராக இரண்டு திரையின் மேலும் விழுந்தது. பெரிய திரையில் மாமாவின் வெள்ளைச் சட்டையும், எனக்குப் பின்னால் இருந்த வானமும்தான் தெரிந்தன. உள்ளே எங்கேயோ மங்கலாக மலை.

"படிங்க மாமா."

"தாளு இருக்குதில்ல, அதான் மினுக்குது."

"இவ்ளோ நாளு பிரிக்கவே வுடல. இப்ப தாளு மேல பழியா?" மூலையில் நகத்தைக் கொடுத்து அந்தத் தாளை ஒரே இழுப்பாக உரித்தேன். சந்தனப் பொட்டும் அதோடு வந்துவிட்டது. அக்கா, "ஐயோ, பொட்டுடா" என்றாள். தாளைச் சுருட்டித் தரையில் போட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. "இப்ப படிங்க."

அவர் குனிந்தார். கையை மேலே குடை மாதிரி வைத்துக்கொண்டார்.

"தெரியலதானே? சரி, அத வுடுங்க. இதப் படிங்க." என்னுடைய பெட்டியைத் தட்டிக் காட்டினேன். அதில் எழுத்து கரியால் எழுதினது போல் நின்றது. கதவுக்கு வெளியே நிற்கிற எனக்கே நன்றாகத் தெரிகிறது. குழந்தை கூடப் படித்துவிடும்.

"ஒசரம்..." என்றார். நிறுத்தினார். "ஒசரம் சைபர். தரையிலதானே நிக்குது."

திரையில் சைபர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ரன்வே இருக்கிற உயரத்தை அது காட்டிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் வாங்கியவருக்கு இது தெரியாதா? என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். தலைக்கு ஏறிவிட்டது.

"மாமா, விளையாட்டு வாணாம். என் அக்காவ இட்டுக்கினு போகப் போறீங்க. திரையப் பாத்து இருக்குறத இருக்குற மாதிரி படிங்க!"

"கத்தாதடா."

"படிங்க!"

அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். இன்னும் கிட்டே. மூக்கு தொடுகிற அளவுக்குக் கிட்டே. வெயில் பட்டு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போதும் புரியவில்லை. பச்சையாகச் சொல்வதென்றால், அந்த நேரத்தில் அவர் கண்ணீர் எனக்கு இனித்தது.

அப்போது அந்தப் பக்கக் கதவிலிருந்து அக்கா படித்தாள். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தாள்.

"ஒசரம் முன்னூத்தி இருவது. வேகம் சைபர். செஞ்சி வடக்கால, கொஞ்சம் கெழக்க தள்ளி. தூரம் முப்பத்திநாலு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டே, "போதும், நிமுருங்க" என்றாள்.

"அக்கா, உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"அவருதான். ராத்திரியில சாப்ட்ட அப்புறம் அந்தப் பெரிசத் தொறந்து வெச்சிக்கினு சொல்லிக் குடுப்பாரு. எது ஒசரம், எது தெச, எது தாண்டினா சொல்லணும்னு. அது எனக்குத்தாண்டா வாங்கினாரு. எழுத்து பெருசா இருந்தா எனக்குப் படிக்க வசதின்னு. அதான் வலது பக்கம் மாட்டச் சொன்னாரு."

"அப்போ மாமாவுக்கு?"

"பொறை விழுந்துருக்குது. ரெண்டு கண்ணுலயும். வீட்டுக்குள்ள பரவால்ல. வெயில்ல போனா எல்லாம் வெள்ளையா போயிடுது."

எத்தனை நாள் என் பக்கத்தில் இருந்துகொண்டு, நான் சொன்ன எண்ணை வைத்து ஓட்டியிருக்கிறார்! வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அதை எழுத முடியாது. அக்காவும் விடவில்லை, அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே.

"கடையில அவருக்குக் கலரு சொல்றது நான்தான். இவ்ளோ நாளா சொல்லிக்கினு இருக்கேன். ஊர்ல எவனாவது கண்டுபுடிச்சானா? நீ கண்டுபுடிச்சியா? மேல போயி மூணு நம்பரு சொல்லமாட்டேனா?"

"ரன்வேய யாருக்கா பாக்குறது? எதிர்ல கழுகு வந்தா?"

"அதையும் நான் பாத்து சொல்லுவேன்."

"நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள செத்துருவீங்க ரெண்டு பேரும்!"

"செத்தா அவரோட சாவுறேன். உனக்கு இன்னாடா?"

மாமா பக்கம் திரும்பினேன். "இதுக்கு ஆபரேசன் இருக்குது மாமா. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். எவ்ளோ பேரு பண்ணிக்கிறாங்க. போயித் தொலைய வேண்டியதுதானே?"

அவர் இறங்காமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். "கண்ணுல கத்தி வெச்சவன்கிட்ட எவன்டா பட்டு வாங்குவான்?" என்றார். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"செத்தவன்கிட்ட மட்டும் வாங்குவானுங்களா?" என்றேன்.

அவரை இறக்கிவிட்டு, விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளி, பூட்டினேன். கண்ணை அறுத்து, டாக்டர் சீட்டு வாங்கி, பறக்கத் தகுதி என்ற சான்றும் புதுசாக வாங்கி வந்தால் ஒழிய இந்தச் சாவி வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அக்கா எலுமிச்சை சாத டப்பாவைத் திறக்காமலேயே காரில் வைத்துவிட்டாள். "நீ நல்லா இருடா. அவரு ஆசையா வெச்சிருந்தது இது ஒண்ணுதான், அதையும் புடுங்கிக்க" என்றாள்.

பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு போனேன். கரும்பையும் மஞ்சள் கொத்தையும் பையோடு வாங்கிக்கொண்டாள், என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். தை பிறந்தது, போனது. மேலே யாரும் போகவில்லை. அந்தப் பெரிய திரையைக் கழற்றி மாமாவுக்கு அனுப்பிவைத்தேன். அவர் அதைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் வைத்து, முருகன் படம் ஓடவிட்டுக் குங்குமம் வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது, அதற்கு அதுதான் சரியான இடம்.

மாசியில் ஒருநாள் கடைத்தெரு வழியாக பஸ்ஸில் போனபோது பார்க்கிறேன், மாமா கடைக்குள் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இறங்கிப் பக்கத்துப் பாத்திரக்கடையில் விசாரித்தேன். "அது விமானம் ஓட்டுறவங்க போடுற கண்ணாடியாம். பழகிக்கினு இருக்காரு" என்றார்கள். அடப்பாவி மனுஷா! ஆபரேஷன் பண்ணிக்கொண்டதை மறைக்க என் தொழிலை எடுத்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உள்ளே போகவில்லை.

பங்குனியில் அக்காவே போன் பண்ணினாள். "வா. அவரு கூப்புடுறாரு. அந்தச் சின்னப் பெட்டிய எடுத்துக்கினு வா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்டு பிரிச்ச அப்புறம் ஒரு நீலப் பட்டத் தூக்கிக்கினு தெருவுக்கு ஓடினாருடா. பாத்துட்டு, இவ்ளோ நாளா நான் இன்னாத்தடி வித்துக்கினு இருந்தேன்னு அழுவுறாரு" என்றாள்.

போனேன். உச்சிவெயில். துணி அளக்கிற மேஜையைத் தெருவிலேயே இழுத்துப் போட்டிருந்தார். பாத்திரக்கடைக்காரர், பூக்கடை அம்மாள் எல்லாரும் கூடியிருந்தார்கள். மாமா என் பெட்டியை வாங்கி, நன்றாகக் கையை நீட்டிப் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஒன்று தப்பவில்லை. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று மூலையில் பொடியாக இருந்ததையும் படித்தார். டாக்டர் சீட்டையும் சான்றையும் மேஜையில் வைத்தார்.

"கால்குலேட்டரு பரவால்ல" என்றார். "எனக்கு எதிர்லயே மாட்டு. இடது பக்கம். சாவியக் குடு."

சாவியைக் கொடுத்தேன். வேறு வழியில்லை, சொன்ன சொல்.

அக்கா கடைப்படியில் நின்றாள். அவள் முகம் சரியில்லை. "இன்னாக்கா, இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே. நாளைக்கே போயி ஊரப் பாத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"நான் வரலடா."

"ஏன்?"

"பயமா இருக்குது."

"அப்போ அவருக்குக் கண்ணு தெரியாதப்ப பயமா இல்லையா?"

"அப்ப எனக்கு வேல இருந்துச்சி. படிக்கணும், பாக்கணும், சொல்லணும். பயப்பட நேரம் ஏது? இப்ப சொம்மா மூட்ட மாதிரி குந்திக்கினு வரணும்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொடுத்தது விமானச் சாவி, கொட்டகைச் சாவி இன்னும் என்னிடம்தான். மறுநாள் காலையில் கொட்டகையில் திருப்புளியை எடுத்தேன். பெட்டியை மாட்டினேன். திருகைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, உயரம், திசை, தூரம் என்ற மூன்று எண் மட்டும் திரை முழுக்கப் பெரிதாகத் தெரியும்படி வைத்தேன். மாமாவின் கார் வந்து நின்றது. அக்காவை எப்படியோ பேசிக் கூட்டி வந்திருந்தார். மாமா இடது இருக்கையில் ஏறினார், பார்த்தார்.

"யோவ் மச்சான், திரை அந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்குது. எனக்குத் தெரியல. இந்தப் பக்கம் திருப்பு."

"உங்க எதிர்லதான் உயரத்துக்கு முள்ளு இருக்குது, அதப் பாருங்க. மிச்சத்தக் கேட்டுக்குங்க."

"யாரக் கேக்குறது? விமானம் என்னுதுடா!"

நான் அந்தப் பக்கம் சுற்றிப் போய் வலது கதவைத் திறந்தேன். "ஏறுக்கா. மூக்குக் கண்ணாடி எடுத்துக்கினு வந்தியா?" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். மூன்று எண்ணையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

மாமா இன்னும் கத்திக்கொண்டே இருந்தார். திரை அவள் பக்கமே இருக்கும்படி திருகாணியை இறுக்கி முடுக்கிவிட்டு, கதவைச் சாத்தினேன்.